மாட்டுத்தாவணியும் அல்பாகாவும்: கால்நடை வளர்ப்போர் கூடும் நாள்



நம் நாட்டிலும் ஒருசில சுற்றுலாப் பண்ணைகளில் அல்பாகா என்னும் விலங்கை வளர்க்கத் தொடங்கிவிட்டனர். நீண்ட கழுத்தும் அடர்ந்த மயிரும் கொண்டு, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இடைப்பட்டதுபோல் நிற்கும் விலங்கு அது. பள்ளிச் சுற்றுலாவில் அதைக் கண்டுவந்த மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "டீச்சர், மாட்டுக்குப் பொங்கல் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான். மற்ற மாணவர்கள் சிரித்தனர். எனக்கோ அது சிரிப்புக்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. ஒரு விலங்கை வளர்ப்போர் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் கூடுவது ஏன்? அக்கூட்டத்தில் யார் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை? இவை வரலாற்றுக் கேள்விகள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழருக்கு நெருக்கமான கேள்விகளும் ஆகும்.

மாணவனுக்குரிய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது! தென்னமெரிக்காவின் ஆந்தீசு மலைநாட்டில், குறிப்பாகப் பெரு நாட்டில், அவ்வினத்து விலங்குகளுக்காக ஊரே திரளும் நாள் ஒன்று உண்டு. அதற்குச் 'சாக்கு' என்று பெயர். நம் கோணிச்சாக்கு அன்று. கெச்சுவா மொழிச் சொல். அதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம். அதற்குமுன் நம் முன்னோர் ஊரில் கூடிய கூட்டங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

தாவணி என்றால் கயிறு

மதுரைக்குச் சென்றுவந்தவர்கள் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை அறிவார்கள். பெயரைக் கேட்ட நம் பிள்ளைகள் பெண்கள் உடுத்தும் தாவணியோடு அதைச் சேர்த்துக் குழம்புவதுண்டு. மாடுகளை வரிசையாகக் கட்டுவதற்குரிய நீண்ட கயிற்றுக்குத் தாவணி, தாமணி என்ற பெயர்கள் உண்டு. அக்கயிற்றில் கட்டப்பட்ட மாட்டுவரிசைக்கும், பின்னர் அம்மாடுகள் கூடும் சந்தைக்கும் அச்சொல்லே ஆகிவந்தது. இன்று அங்கே மாடுகள் இல்லை. பேருந்துகள் வரிசையில் நிற்கின்றன.

தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு என்பதை இடைநிலைப்பள்ளி இலக்கிய மாணவர்களும் அறிவர். அந்தச் செல்வம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று தருகின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளைக் கொடையாக அளிப்பது பெருவழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கில் 96 ஆட்டுக்கு 48 பசு அல்லது 16 எருமை ஈடாகக் கொள்ளப்பட்டது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தாலும் முதுமையடைந்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும். எனவேதான் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தன. அவ்வாடுகளை ஏற்ற இடையருக்கு 'மன்றாடி' என்று பெயர்.

இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடமாகவே நடத்தலாம். விகிதம் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் என் கருத்து வேறு. ஆட்டைக் கொடுத்த அரசி, படைத்தலைவன், வணிகன் ஆகியோரின் பெயர்களைக் கல்வெட்டில் முதலிடத்தில் காண்கிறோம். காலமெல்லாம் அவற்றை மேய்த்து நெய் அளந்த மன்றாடியின் பெயர் இறுதியில் வருகிறது; சில இடங்களில் வருவதே இல்லை. கால்நடையின் உடைமையாளர் யார், பாடுபட்டு வளர்ப்பவர் யார் என்ற வேறுபாடு அன்றே இருந்தது. இக்கட்டுரை முழுவதும் அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கொங்குநாட்டின் இரு கூட்டங்கள்

தமிழ்நாட்டில் கால்நடைக் கூட்டங்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, திருப்பூர் மாவட்டத்தில் வெள்ளக்கோவில், காங்கேயம் வட்டாரத்தைச் சேர்ந்த கண்ணபுரம். அங்குள்ள மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிச் சித்திரை மாதத்தில் மாட்டுச்சந்தை கூடும். காங்கேயம் இன மாடுகளுக்கே அது பெயர்பெற்றது. கொங்கு வட்டாரத்தின் உழவர் தம் காளைகளையும் பசுக்களையும் ஓட்டிக்கொண்டும், இக்காலத்தில் வண்டியில் ஏற்றிக்கொண்டும் வருவர். அறுவடை முடிந்த காடுகளில் முளையடித்து, கயிறு கட்டி, பந்தலிட்டு, பல நாள் தங்குவர்.

அங்கே மாட்டின் நிறத்துக்கு வழங்கும் சொற்கள் கேட்க இனிமையானவை. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று பிரித்துச் சொல்வர். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறும். காளையின் திமிலும் கழுத்தும் வளர வளரக் கருக்கும். வயதை அறியப் பல்லைப் பார்ப்பர்: இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், அதன்பின் கடைசேர்ந்தது. உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் இடங்களைச் சுழி என்று கூறி, நல்ல சுழி, ஆகாத சுழி என்று விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு. சுழி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு மாட்டை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தால் இத்தனை சுழிகளுக்குப் பெயர் வைத்திருக்க முடியும்! அறிவியல் பாடத்தில் 'உற்றறிதல்' என்று நாம் கற்பிக்கும் திறன் அதுதான்.

இவ்வினம் நிலைத்ததற்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலமுறை ஒரு காரணம். மழை குறைந்த அந்நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, சுற்றிலும் கிளுவை முள்வேலி அமைத்திருப்பர். வேலிக்குள் மாடுகள் தாமே மேயும். புல் மாட்டுக்கு, வேலங்காய் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும், நிழல் எல்லாவற்றுக்கும். மற்றொரு காரணம் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். அவ்வழியில் வந்த நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் தம் பெருமந்தையில் பொறுக்குக் காளைகளைக் கொண்டு இனத்தை மேம்படுத்தினார். 1936-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதிய லிட்டில்வுட் என்ற ஆங்கிலேய அலுவலரும் அம்மந்தையைக் குறித்துள்ளார். 'மன்றாடியார்' என்ற பட்டத்தைக் கவனித்தீர்களா? கல்வெட்டில் இறுதியில் நின்ற சொல் இங்கே பெரும் நிலக்கிழாரின் பட்டமாக ஒலிக்கிறது!

இரண்டாவது, ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையம். குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை அது. கண்ணபுரம் ஓரினத்தின் கூட்டம் என்றால், அந்தியூர் எல்லா இனத்துக்கும் பொதுக்கூட்டம். கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகள் வரும். பக்கத்து மலையின் பர்கூர் மாடுகள், செந்நிறத்தில் வெண்திட்டுகளோடு, எவர்க்கும் எளிதில் அடங்காமல் நிற்கும். காங்கேயமும் வரும், ஆடும் வரும், அண்மை ஆண்டுகளில் வேடிக்கைக்குக் கொண்டுவரும் பறவைகளும் சிற்றுயிர்களும் வருகின்றன. திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊர்மக்கள் சொல்வர். அந்தியூரிலிருந்து பர்கூர் மலைவழியே மேலேறினால் மைசூர் நாடு. 1799-ஆம் ஆண்டில் திப்பு வீழும்வரை இக்கொங்குப் பகுதி மைசூரின் கீழ்தான் இருந்தது. ஆகவே அவ்வழக்கைப் புறந்தள்ளுவதற்கில்லை.

இக்கூட்டங்களை நடத்துவது எளிய செயலன்று. ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு நாள்தோறும் நீர் வேண்டும், தீவனம் வேண்டும், சாணத்தை அகற்ற வேண்டும். நோய்கண்ட மாட்டைத் தனியே பிரிக்க வேண்டும். கோயிலை ஒட்டிக் கூட்டம் அமைந்ததற்குப் பக்தி மட்டுமே காரணமன்று என்று நான் கருதுகிறேன். பொதுநிலம், நீர்நிலை, நாட்காட்டியில் மாறாத ஒரு நாள், ஊர்ச் சண்டைகளைத் தீர்த்துவைக்க நாலு பெரியவர்கள் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. அழைப்பிதழ் அச்சிடாமலே நூறு கல் தொலைவிலுள்ளவருக்கும் நாள் தெரிந்திருந்தது. மாட்டோடு வருபவரை நம்பிக் கயிறு திரிப்பவர், சலங்கை விற்பவர், லாடம் அடிப்பவர், சாட்டை பின்னுபவர், சோறு சமைத்து விற்கும் பெண்கள் என மற்றொரு கூட்டமும் வாழ்ந்தது. மதவேறுபாடு பாராமல் வணிகர் வந்தனர். மாடு வாங்குபவரின் மதத்தைப் பார்த்தால் சந்தை நடக்காது.

துண்டுக்கு அடியில்

எனினும் இக்கூட்டங்கள் எல்லாருக்கும் சமமாக இடம்கொடுத்தன என்று எழுதினால் அது உண்மையாகாது.

மாட்டுச்சந்தையில் விலை பேசும் முறையை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். விற்பவரோ வாங்குபவரோ வாய்திறந்து விலை கூறமாட்டார். தரகர் தம் கையின்மேல் ஒரு துண்டைப் போர்த்துக்கொள்வார். துண்டுக்கு அடியில் இருவர் கைகளும் சேரும். எந்த விரலை, எத்தனை விரலைப் பற்றுகிறோம் என்பதைக் கொண்டு விலை ஏறும், இறங்கும். சுற்றி நிற்பவர் முகத்தைத்தான் பார்க்க முடியும்; விலையைப் பார்க்க முடியாது. கலை நயம் மிக்க முறை என்று இதைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. நான் புகழத் தயங்குகிறேன். பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது என்று அறியாத ஓர் ஏழை, ஒற்றை மாட்டோடு வந்து நிற்கும்போது, அத்துண்டு யாருக்குக் காவல்? பல மாடு வைத்திருப்பவருக்குத் தரகர் நண்பர். ஒரு மாடு வைத்திருப்பவருக்குத் தரகரே சந்தை.

பெண்களின் நிலையையும் பாருங்கள். வீட்டில் தீவனம் வைத்து, தண்ணீர் காட்டி, பால் கறந்து, கன்றுக்குப் பெயர் வைப்பவர் பெரும்பாலும் பெண். சந்தையில் கயிற்றைப் பிடித்து நிற்பவரும் துண்டுக்கு அடியில் கை கொடுப்பவரும் ஆண். பர்கூர் மலையில் காட்டினுள் பட்டி போட்டு மாடு மேய்ப்பவர்களுக்கோ மேய்ச்சலே சிக்கலாகிவிட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம் போன்ற பகுதிகளுக்கு எனச் சுருக்கியது. காட்டைக் காப்பது தேவை. ஆனால் அம்மாட்டினமே காட்டு மேய்ச்சலில் உருவானது என்பதையும் எண்ண வேண்டும்.

சந்தைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு எளிதில் பிசகும். 2017 மே மாதத்தில் இந்திய நடுவணரசு, கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அம்மாத இறுதியிலேயே அவற்றை நிறுத்திவைத்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்நிறுத்தத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. கிழமாட்டை விற்க வழியில்லை என்றால் இளங்கன்றை வாங்கத் துணிவு எப்படி வரும் என்பதே அன்று எளிய உழவர் கேட்ட கேள்வி.

இதே கேள்வி இராசத்தானில் ஒட்டகத்துக்கு எழுந்தது. ஒட்டகம் நம் மாணவன் கண்ட அல்பாகாவின் பெரிய உறவினர் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். கார்த்திகை முழுநிலவை ஒட்டிப் புட்கரில் கூடும் ஒட்டகச் சந்தை உலகறிந்தது. ஒட்டகம் வளர்க்கும் இரைக்கா மக்களுக்கு ஆண்டு வருமானம் அங்கேதான் கிடைத்தது. 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்த இராசத்தான் அரசு, 2015-இல் அதைக் கொல்வதற்குத் தடையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடும் விதித்தது. நோக்கம் காப்பதுதான். விளைவு? ஆண் ஒட்டகத்தை வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. வளர்ப்பதைப் பலர் கைவிட்டனர். இந்தியாவில் 2012-இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.5 இலட்சமாகக் குறைந்தன. சட்டம் ஒன்றே இதற்குக் காரணமன்று. மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் சரக்குந்து வந்ததும் உண்டு. ஆயினும் வளர்ப்போர் கூடிப் பேசும் களம் சுற்றுலாப் பயணிகளின் படக்கருவிக்குரிய களமாக மாறிய பிறகு, அவர்கள் குரலைக் கேட்பவர் குறைந்தனர்.

காங்கேயத்துக்கும் இதே நிலைதான். 1990-இல் 11 இலட்சத்துக்கு மேல் இருந்த மாடுகள், பத்தே ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. உழவு இயந்திரம் வந்தது. கிணற்றில் கமலை இறைப்பு நின்றது. கலப்பினப் பசு அதிகப் பால் தந்தது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் இளைஞர் திரண்டபோது நாட்டுமாடு பற்றிய பேச்சு எங்கும் எழுந்தது. நம் கோலாலம்பூரிலும் அப்பேச்சு கேட்டது. பேச்சோடு நில்லாமல் ஒரு கன்றையாவது வாங்கிய இளைஞர்களை நான் மதிக்கிறேன்.

மலைநாட்டுக் கயிறு

இனிப் பெருவுக்கு வருவோம். இலாமா, அல்பாகா இரண்டும் வீட்டு விலங்குகள். குவனாக்கோவும் விக்குன்யாவும் அவற்றின் காட்டு உறவுகள். விக்குன்யாவைப் பழக்கியதால் உருவானதே அல்பாகா என்பது மரபணு ஆய்வின் முடிவு. ஆந்தீசு மக்கள் ஏறத்தாழ ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகின்றனர். இலாமா பொதி சுமந்தது. அல்பாகா உடுக்கக் கம்பளி தந்தது.

விக்குன்யாவின் மயிர் மிக மென்மையானது. இன்கா பேரரசின் காலத்தில் அது அரச குடும்பத்துக்கே உரியது. ஆயிரக்கணக்கான மக்கள் கைகோத்து மலைச்சரிவை வளைத்து, விலங்குகளை நடுவே ஒதுக்கி, மயிரைக் கத்தரித்து விட்டுவிடுவர். இதுவே சாக்கு. ஓரிடத்தில் ஒருமுறை நடத்தினால் மறுமுறை அங்கே நடத்தச் சில ஆண்டுகள் காத்திருப்பர். இசுபானியர் வந்தபின் அவ்வொழுங்கு குலைந்தது. துப்பாக்கி வந்தது. கத்தரித்து விடுவதைவிடச் சுட்டுத் தோலை உரிப்பது எளிதாயிற்று. 1960-களில் விக்குன்யா சில ஆயிரங்களாக அருகிப்போயிற்று.

1967-இல் பெரு அரசு அயகுச்சோ பகுதியில் பம்பா கலேராசு என்னும் காப்பகத்தை நிறுவியது. 1969-இல் அண்டை நாடுகள் இலாபாசு நகரில் உடன்பாடு செய்துகொண்டன. எனினும் உண்மையான திருப்பம் 1990-களில் வந்தது என்பேன். மலைச்சிற்றூர்களுக்கே விக்குன்யாவின் மயிரைக் கத்தரித்து விற்கும் உரிமையைச் சட்டம் அளித்தது. சுடுபவனைத் தடுக்க ஊருக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது. பழைய சாக்கு மீண்டும் வந்தது. சூன் 24-ஆம் நாள் பம்பா கலேராசில் அது விழாவாகவே நடக்கிறது. வண்ணத் துணித்துண்டுகள் கட்டிய மிக நீண்ட கயிற்றை ஆணும் பெண்ணும் முதியவரும் சிறுவரும் வரிசையாகப் பிடித்து, மெல்ல மெல்ல வளையத்தைச் சுருக்குவர். ஒரு விலங்கிலிருந்து கிடைப்பது கால் கிலோ அளவு மயிர்தான். மறுபடி கத்தரிக்க ஈராண்டு காத்திருக்க வேண்டும். பெருவின் விக்குன்யாக்கள் 2012 கணக்கெடுப்பில் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

இங்கும் குறை உண்டு. அம்மயிரால் நெய்த மேலாடை ஐரோப்பியக் கடைகளில் பல்லாயிரம் வெள்ளிக்கு விற்கும். கயிறு பிடித்தவருக்குக் கிடைப்பது சிறு பங்கே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்கயிற்றில் ஒருவர் கை விட்டாலும் விலங்கு அவ்விடைவெளியில் பாய்ந்துவிடும். ஆகவே கிழவி, சிறுவன், ஊருக்குப் புதியவர் என்று எவரையும் விலக்க முடியாது. அமைப்பே எல்லாரையும் வேண்டி நிற்கிறது. கொங்குச் சந்தையின் துண்டுக்கும் பெருவின் கயிற்றுக்கும் உள்ள வேறுபாடாக நான் காண்பது இதுவே. ஐக்கிய நாடுகள் அவை 2024-ஐ ஒட்டக இனங்களின் பன்னாட்டு ஆண்டாக அறிவித்தபோது, இலாமா, அல்பாகா வளர்க்கும் மலைமக்களும் அதில் சேர்த்து எண்ணப்பட்டனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாடுகள்

நம் ஊருக்குத் திரும்புவோம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின் செங்கற் கட்டடங்கள் எழலாயின. அச்செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லையும் ஈயத்தையும் அரிசியையும் இழுத்தவை மாட்டுவண்டிகள்; ஓட்டியவர்களில் தமிழரும் சீக்கியரும் இருந்தனர். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடாவரை தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வூர்ப் பெயருக்குக் குதிரைமலை என்பது பொருள். தொடர்வண்டி வந்ததும் மாடு மறையவில்லை. நிலையத்திலிருந்து கடைவரை அதுதான் இழுத்தது. பினாங்கில் 1894 முதல் தைப்பூச வெள்ளித்தேரை இழுத்தவையும் காளைகளே அல்லவா!

இரப்பர் தோட்டங்களில் மாட்டின் பங்கு வேறு. நாட்கூலி போதாத வீட்டில் ஒரு பசு இருந்தால் பிள்ளைக்குப் பாலும் கைக்குச் சில்லறையும் கிடைத்தன. லயத்தின் பின்புறம் தகரக் கொட்டகை. பால்மரங்களுக்கு இடையே மேய்ச்சல். திருமணச் செலவோ இடைநிலைப்பள்ளிச் செலவோ வந்தால் கன்று விற்கப்படும். நம்மில் எத்தனை ஆசிரியர்களின் படிப்பு ஒரு கன்றுக்குட்டியின் விலை! இந்தியாவிலிருந்து வந்த பல இனங்கள் கலந்து உருவான அம்மாடுகளைக் கால்நடை அறிஞர்கள் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று தனிப்பெயரிட்டே பதிவு செய்துள்ளனர். கெடா-கிளந்தான் மாடு மலாய் உழவரின் கொடை என்றால், இது தோட்டத் தமிழரின் கொடை. பின்னாளில் பிரீசியன், சாகிவால் கலப்பினங்கள் வந்து இதன் இடத்தைப் பிடித்தன. கோலாலம்பூரின் புறநகர்களில் சீக்கியரும் தமிழரும் தொழுவம் வைத்து, மிதிவண்டியில் பால் கொண்டுபோய் வீடுவீடாக ஊற்றினர்.

பின்னர் தோட்டத் துண்டாடல் வந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது நாம் பெருமையோடு கற்பிக்கும் செய்தி. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளி அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். மாடு எங்கே போகும்? சில மாடுகள் சாலையோரத்தில் மேய்ந்தன. நகராண்மைக் கழகத்தார் பிடித்துச் சென்றனர். மாட்டுக்காரர் என்ற பெயரே ஒரு குறையாகி, பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் தொழிலைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இத்தயக்கத்தைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பொங்கல் விழாவை நம் பள்ளிகள் சிறப்பாகவே நடத்துகின்றன. கோலம் உண்டு, உறியடி உண்டு. மாடு மட்டும் படமாக வருகிறது. கிள்ளான் வட்டாரத்தில் இன்னும் மாடு வளர்ப்போர் இருக்கின்றனர். அவர்களை ஆண்டுக்கொருமுறை ஒரு திடலில் கூட்டினால் என்ன என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. உடனே, "பெரிய பண்ணைக்காரர் இருவரை மேடைக்கு அழைப்போம்" என்றார் ஒருவர். நான் அதற்கு உடன்படவில்லை. ஒரு மாட்டுக்காரரும் வர வேண்டும். மாட்டை விற்றுவிட்டு நினைவை மட்டும் வைத்திருக்கும் பாட்டியும் வர வேண்டும். சீக்கியப் பால்காரரின் பேரப்பிள்ளையும், கெடா-கிளந்தான் மாடு வளர்க்கும் மலாய் அண்டைவீட்டாரும் வர வேண்டும் என்றேன். சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்குத் திடலின் சேற்றில் பலகைப் பாதை போட வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதச் செய்தேன்.

மாட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதற்குக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே பேச வேண்டும். நோய்த்தடுப்பு, நிழல், நீர்த்தொட்டி, கூட்டத்தைக் கண்டு மிரளும் மாட்டுக்கு ஒதுக்குப்புறம் என வேலை நிறைய உள்ளது. பரிசுப்போட்டி வேண்டாம் என்பது என் கருத்து. பரிசு வந்தால் கொழுத்த மாடுதான் வெல்லும். ஒற்றை மாட்டுக்காரர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

அதற்குமுன் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் தோட்டத்தில் வளர்ந்த மாடுகளின் பெயர்களையும் நிறப்பெயர்களையும் கேட்டு, பிள்ளைகளின் கையாலேயே எழுதவைத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். மயிலை, செவலை என்ற சொற்கள் இங்கும் வழங்கினவா, வேறு சொற்கள் வழங்கினவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள் இதுவரை பதினேழு பெயர்களைக் கொண்டுவந்துள்ளனர். அவற்றுள் 'இலட்சுமி' மட்டும் ஆறு.